கழுகுக் குன்றில் வலி மருந்து

உச்சிப்பொழுது நெருங்கும்போது திருக்கழுக்குன்றத்து வேதகிரி மலையில் சனங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார்கள். பூசகர் அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்துச் செய்த உணவைப் பாறைமேல் வைத்துக் காத்திருப்பார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பறவைகள் வட்டமடித்து இறங்கும். வெள்ளை உடல், இறக்கை ஓரத்தில் கறுப்பு, முகம் மட்டும் மஞ்சள். பாறையில் நடந்து வந்து உண்டுவிட்டுப் பறந்துபோகும். காசிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே போய்வரும் முனிவர்கள் உண்ண இறங்கும் இடம் இது என்பது நம்பிக்கை. என்றைக்காவது வராவிட்டால், "கூட்டத்துல பாவம் பண்ணவங்க யாரோ இருக்காங்க" என்று பேசிக்கொள்வார்கள். திருக்கழுக்குன்றத்துக்குப் பட்சி தீர்த்தம் என்ற பெயர் வந்ததும் இந்த இணையால்தான்.

1990களின் இறுதியோடு அந்த வருகை நின்றுபோனது. பாறை இருக்கிறது, படிகள் இருக்கின்றன, மலையடியில் தேங்காய் பழக் கடைகளும் இருக்கின்றன. பறவை மட்டும் இல்லை.

இந்த ஊரின் பறவையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைத்தது இந்த ஊரின் வலியைப் பற்றி. முழங்கால் வலி, இடுப்பு வலி, நாற்று நட்டவளின் முதுகு வலி, மாமல்லபுரத்தில் நாள் முழுக்க உளி பிடித்தவனின் தோள் வலி ஆகியவற்றுக்கு இங்கே அன்று என்ன மருந்து இருந்தது, இன்று என்ன இருக்கிறது என்று எழுத உட்கார்ந்தேன். அது என்னை அந்தப் பாறைக்கே கொண்டுபோய் நிறுத்தியது.

அன்று வலி என்றால் முதல் மருந்து வீட்டு வேலியில் இருந்தது. நொச்சித் தழையை வெந்நீரில் போட்டு வேது பிடிப்பார்கள். சுட்ட செங்கல்மேல் எருக்க இலையைப் பரப்பிக் குதிகாலை வைத்து அழுத்துவார்கள். முடக்கத்தானை அரைத்துத் தோசை மாவில் கலப்பார்கள். வாதநாராயணன் இலையை அரிசி மாவோடு சேர்த்து அடை தட்டுவார்கள். அந்த வாதநாராயணன் மரம் எத்தியோப்பியாவிலும் கென்யாவிலும் இயல்பாக வளர்வது. நம் கரையில் அது எவ்வளவு காலமாக நிற்கிறதென்றால், அதை யாரும் வெளியூர் மரமாக நினைப்பதில்லை. ஊமத்தை இலையை நல்லெண்ணெய் தடவி வாட்டி வீக்கத்தின்மேல் கட்டுவதும் உண்டு. ஊமத்தையில் இருப்பவை அட்ரோபின், ஸ்கோபாலமின் என்னும் ஆல்கலாய்டுகள். தோலுக்கு மேலே இலையாகக் கட்டியவர்கள், அதன் விதை வயிற்றுக்குள் போனால் புத்தி பேதலிக்கும் என்பதையும் அறிந்திருந்தார்கள்.

வேலி மருந்துக்குக் கேட்காத வலிக்கு இருளர் வருவார். செங்கல்பட்டுப் பக்கத்துக் காட்டு ஓரங்களிலும் ஏரிக்கரைகளிலும் வாழ்ந்த இருளர்களுக்குப் பாம்பு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு வேரும் தெரியும். எந்தச் செடியை எந்த மாதத்தில் தோண்டுவது, எதைக் காய்ச்சுவது, எதை வாயில் வைக்கவே கூடாது என்பதெல்லாம் தாயிடமிருந்து மகளுக்குப் போன படிப்பு. வேதகிரி மலையே மூலிகை மலை என்று இன்றும் சொல்வார்கள். மூச்சு வாங்க ஐந்நூற்றுச் சொச்சம் படி ஏறினால் நோய் தீரும் என்று நம்பி ஏறியவர்கள் உண்டு.

அந்த மருந்துச் செடிகளில் தனியே நின்று பேச வேண்டிய ஒன்று செங்காந்தள். ஊரார் வாயில் அது கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ. ஐப்பசி கார்த்திகை மழையில் முள்வேலி மீது இலை நுனியாலேயே பற்றிக்கொண்டு ஏறி, மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் இதழ்களோடு பூக்கும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறதே, அதில் முதலில் நிற்பது இதுதான். தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. 1947-இல், அன்று இளவரசியாக இருந்த எலிசபெத் தென்னாப்பிரிக்கப் பயணம் வந்தபோது, ரொடீசியாவில் அவருக்குக் கொடுத்த வைரப் பதக்கம் இந்தப் பூவின் வடிவம். ஆப்பிரிக்காவின் வெப்பப் பகுதிகளிலும் நம் மண்ணிலும் ஒரேபோல முளைக்கிற கொடி இது. இரண்டு இடத்து வைத்தியர்களும் இதன் கிழங்கை மருந்தாகவும் நஞ்சாகவும் ஒருங்கே அறிந்திருந்தார்கள். இங்கே மூட்டு வலிக்குப் பற்றுப் போட்டார்கள். பிரசவம் தாமதிக்கும் பெண்ணின் உள்ளங்காலில் அரைத்துப் பூசினார்கள். சுத்தி செய்யாத கிழங்கை உள்ளுக்குக் கொடுக்கக் கூடாது என்பது சித்த மருத்துவரின் முதல் விதி.

அந்தக் கிழங்கிலும் விதையிலும் இருப்பது கோல்ச்சிசின் என்னும் ஆல்கலாய்டு. ஐரோப்பாவில் வேறொரு செடியிலிருந்து 1820-இல் பாரிஸின் பெல்லெட்டியேவும் காவாந்துவும் இதைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் சின்கோனாப் பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தவர்களும் இவர்களே. யூரிக் அமிலம் ரத்தத்தில் கூடினால் ஊசி ஊசியாகப் படிகமாகி மூட்டில் இறங்கும். கால் பெருவிரல் கணு சிவந்து வீங்கிப் போர்வை உரசினாலும் உயிர் போகும். அந்த நோய்க்கு கௌட் என்று பெயர். படிகத்தைத் தாக்க வெள்ளணுக்கள் ஓடி வருவதால்தான் அத்தனை வீக்கமும் வலியும். கோல்ச்சிசின் அந்த அணுக்களுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் கட்டவிடாமல் செய்துவிடும். தண்டவாளம் பெயர்க்கப்பட்ட ரயில்போல அவை நின்ற இடத்திலேயே நிற்கும். அபினியைப் போல மூளையை மயக்கி வலியை மறக்கச் செய்யும் வேலை இதில் இல்லை. வலி பிறக்கும் இடத்திலேயே கை வைக்கிறது.

அதே நுண்குழல் இல்லாமல் எந்த உயிரணுவும் பிரிந்து பெருகவும் முடியாது. அளவு கொஞ்சம் மீறினால் வாந்தி பேதியில் தொடங்கி, எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம், இதயம் என்று ஒவ்வொன்றாக விழும். பிழைத்தவருக்குத் தலைமுடி கொட்டும். கையில் எடுத்துக் கொடுக்க முறிமருந்து இல்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வேறு கிழங்கென்று தவறாக உண்டு இறந்தவர்களும், தெரிந்தே உண்டு இறந்தவர்களும் இருக்கிறார்கள். இன்று மாத்திரையில் வரும் அளவு அரை மில்லிகிராமை ஒட்டியது. வேலிக் கிழங்கில் எத்தனை மில்லிகிராம் என்று எந்தக் கண்ணாலும் அளக்க முடியாது. "பச்சிலைதானே, என்ன பண்ணிடும்?" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இந்தச் செடியை அறிந்த பழைய வைத்தியர் யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

மேற்கே போனால் இந்தக் கொடியின் இன்னொரு வாழ்க்கை தெரியும். திருப்பூர் மாவட்டத்து மூலனூர், தாராபுரம், திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம், கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சி என்று வறண்ட நிலமெங்கும் இதைப் பயிராகவே செய்கிறார்கள். பந்தல் போட்டுக் கொடியேற்றி, காலையில் பூப்பூவாகக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார்கள். விதை ஆயிரக்கணக்கில் கிலோ விலை போன வருடமும் உண்டு, வாங்க ஆளில்லாமல் மூட்டையில் கிடந்த வருடமும் உண்டு. பெரும்பகுதி வெளிநாட்டு மருந்து ஆலைகளுக்குப் போகிறது. அங்கிருந்து கோல்ச்சிசினாகவும், தசைப்பிடிப்பைத் தளர்த்தும் தயோகோல்ச்சிகோசைடாகவும் திரும்பி வருகிறது. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் சிறு அளவு கோல்ச்சிசின் தரலாம் என்று அனுமதித்தது.

இப்போது இன்றைய திருக்கழுக்குன்றத்துக்கு வருகிறேன். செங்கல்பட்டு 2019-இல் தனி மாவட்டமாயிற்று. மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருக்கிறது, ஊரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, பஸ் நிலையத்தைச் சுற்றி மெடிக்கல் கடைகள் இருக்கின்றன. இவையெல்லாம் பெரிய பேறு. அன்று முறிந்த எலும்போடு, புற்றோடு, பிரசவத்தோடு ஓலைப்பாயில் கிடந்து கத்திச் செத்தவர்களின் கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. வேலி மருந்து வலியைக் கொஞ்சம் தணித்தது, பல நேரம் தணிக்கவும் இல்லை. பழைய காலத்தைப் பொற்காலமாக்க எனக்கு மனமில்லை.

ஆனால் மெடிக்கல் கடை வாசலில் நின்று பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. "அண்ணா, உடம்பு வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கேட்கிறார் சித்தாள் வேலை முடித்து வந்த அம்மா. அட்டையிலிருந்து கத்தரித்த மூன்று நான்கு மாத்திரைகள் காகித உறையில் விழுகின்றன. ஒவ்வொன்றும் என்ன என்று அவருக்குத் தெரியாது. அவர் சிறுநீரகம் எப்படி, வயிற்றில் புண் உண்டா, ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்க அந்தப் பக்கம் நேரமில்லை. நாளைக்கு வேலைக்குப் போயாக வேண்டும், அதனால் நாளைக்கும் ஒரு செட்டு. வருடக்கணக்கில் இப்படிப் போனபின் முகம் வீங்கி, கால் வீங்கி, டயாலிசிஸ் படுக்கைக்கு வருபவர்களைச் சிறுநீரக மருத்துவர்கள் நன்றாக அறிவார்கள். அன்று மருந்து பலவீனமானது, ஆனால் அதைக் கொடுத்தவருக்கு உங்களையும் தெரியும், செடியையும் தெரியும். இன்று மருந்து பலமானது. அதற்கும் உங்களுக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஆள்தான் காணாமல் போய்விட்டார்.

கழுத்துப் பிடிப்புக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் இப்போது அதிகம் தரப்படும் கூட்டு மாத்திரை ஒன்றின் அட்டையைத் திருப்பிப் படித்தேன். தயோகோல்ச்சிகோசைடு, அசிக்ளோஃபெனாக் என்று இரண்டு பெயர். முதலாவது நம் காந்தள் விதையிலிருந்து வந்தது. இரண்டாவதைப் பற்றிச் சொல்லத்தான் பறவைக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

மலையில் இறங்கிய பறவை கழுகு என்று அழைக்கப்பட்டாலும் அது பாறு இனம். மஞ்சள்முகப் பாறு என்று பறவை ஆர்வலர்கள் சொல்வார்கள். செத்த மாட்டைத் தின்று ஊரைச் சுத்தமாக வைத்திருந்த குடும்பம். 1990களில் இந்தியா முழுக்கப் பாறுகள் மரக்கிளையில் தலை தொங்க உட்கார்ந்து செத்து விழுந்தன. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற நிலைக்கு வந்தது. என்ன நோய் என்று தேடியவர்கள் தொற்றுக் கிருமியைத்தான் சந்தேகித்தார்கள். 2004-இல் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு, பாகிஸ்தானின் பஞ்சாபில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்து விடையை வெளியிட்டது. காரணம் டைக்ளோஃபெனாக். மனிதனின் மூட்டு வலிக்காக வந்த மாத்திரை. மலிவானதும் அதை மாட்டுக்கும் ஊசியாகப் போட ஆரம்பித்தார்கள். நொண்டும் மாடு நடக்கும், மடி வீங்கிய பசு பால் கொடுக்கும், உழவருக்கு நிம்மதி. ஊசி போட்ட சில நாளில் அந்த மாடு இறந்தால், அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் நின்றுபோகும். வெளியேற முடியாத யூரிக் அமிலம் அதன் ஈரல்மேலும் இதயத்தின்மேலும் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படியும்.

அந்தப் பாறுகள் செத்தது கௌட் நோயில். இதை முதலில் படித்த அன்று எனக்குப் புத்தகத்தை மூடி வைக்க வேண்டியிருந்தது. மனிதனின் மூட்டில் யூரிக் அமிலம் இறங்கினால் வேலியில் பூத்த காந்தள் காப்பாற்றுகிறது. மனிதன் தன் வலிக்குக் கண்டுபிடித்த இன்னொரு மருந்து, வானத்தில் பறந்த பறவையின் நெஞ்சுக்குள் அதே யூரிக் அமிலத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிறது.

திருக்கழுக்குன்றத்து இணை எப்படிப் போனது என்பதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. நாடெங்கும் பாறுகள் விழுந்த அதே ஆண்டுகளில்தான் இவையும் வராமல் போயின, மஞ்சள்முகப் பாறுவும் சரிந்த இனங்களில் ஒன்று. அதுவரை சொல்லலாம். கூட்டத்தில் பாவம் செய்தவர்கள் இருந்ததால் வரவில்லை என்ற பழைய பேச்சை நான் இப்போது வேறு மாதிரி கேட்கிறேன்.

அரசு 2006-இல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக்கைத் தடை செய்தது. மனித ஊசிக்கென்று வந்த பெரிய குப்பியை மாட்டுக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் 2015-இல் ஒரு வேளை அளவுள்ள சிறு குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்றது. அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடம்புக்குள் போய் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது என்று ஆய்வுகள் காட்டின. அதனால் 2023-இல் அதையும் கீட்டோப்ரோஃபெனையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். நான் மேலே சொன்ன கூட்டு மாத்திரையில் காந்தளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அந்த அசிக்ளோஃபெனாக்தான். மனிதர்க்கு அது தடையில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்தால் பயனுள்ள மருந்தே. மாட்டுக்கு மெலாக்சிகாம் போடலாம். பாறுவுக்கு அது கேடு செய்யாது என்று 2006-இலேயே உறுதியாயிற்று. இன்று தமிழ்நாட்டில் பாறுகள் கூடு கட்டும் இடமாக மிஞ்சியிருப்பது நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கு. அருளகம் போன்ற அமைப்புகள் அங்கே ஊர் ஊராகப் போய் மருந்துக் கடைக்காரர்களிடமும் மாடு வளர்ப்பவர்களிடமும் இந்த மருந்து மாற்றத்தைத்தான் மன்றாடிக் கேட்கின்றன.

ஆப்பிரிக்காவில் இதற்கு ஓர் உடன்பிறப்பு போன்ற கதை நடந்தது. கேமரூனில் நாக்லியா என்றொரு மரம் உண்டு, நம் கடம்பின் உறவு. காய்ச்சலுக்கும் வலிக்கும் வலிப்புக்கும் அதன் வேரைக் காய்ச்சிக் கொடுப்பது அங்கத்திய வைத்தியம். 2013-இல் பிரான்சின் கிரெனோபிள் ஆய்வாளர்கள் அந்த வேருக்குள் டிரமடால் இருப்பதாக வெளியிட்டார்கள். 1977 முதல் ஜெர்மன் நிறுவனம் ஒன்று ஆலையில் செய்து விற்கும் வலி மருந்து, இயற்கையே முன்பு செய்து வைத்தது என்று உலகம் வியந்தது. அடுத்த ஆண்டே ஜெர்மனியின் டோர்ட்முண்ட் குழு ஒன்று போய்ப் பார்த்தது. வடக்குக் கேமரூனில் மட்டும் அது இருந்தது, தெற்கு மரங்களில் இல்லை. வடக்கே உழவர்கள் வெயிலில் தாமும் தாங்கவும் உழவு மாடு தாங்கவும் டிரமடாலை வாங்கி அளவுக்கு மீறி உண்டும் கொடுத்தும் வந்தார்கள். மாட்டின் சிறுநீர் வழி மண்ணுக்குப் போய், மண்ணிலிருந்து வேருக்குப் போயிருக்கிறது. அந்த மரத்தை நம்பிய வைத்தியரின் கையில், அவருக்கே தெரியாமல், ஆலை மருந்து. அங்கே மரம், இங்கே பறவை. இரண்டு இடத்திலும் வழி ஒன்றே: மாட்டுக்குக் கொடுத்த வலி மருந்து.

இதனால் ஆப்பிரிக்க வைத்தியத்தில் சரக்கில்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மேற்கு ஆப்பிரிக்காவின் பிக்ராலிமா விதையில் உள்ள அகுவாமைன் முதலிய ஆல்கலாய்டுகள், அபினி தொடும் அதே நரம்பு வாயில்களைத் தொடுகின்றன. கானாவில் 1975-இல் மாம்போங்கில் மூலிகை ஆய்வு மையமே தொடங்கி, மேல்நாட்டு மருத்துவம் படித்த ஓக்கு அம்போஃபோ அதன் முதல் இயக்குநராக இருந்து, ஊர் வைத்தியரின் செடிகளை அளந்து, சோதித்து, குறித்து வைத்தார். சித்த மருத்துவத்துக்கும் நம் இருளர் மருத்துவத்துக்கும் வேண்டியது இந்த அளவையும் குறிப்பையும்தான்.

இங்கேயும் அதற்கான தொடக்கம் இல்லாமலில்லை. பாம்புத் தோல் வணிகம் தடையானபின் பிழைப்பிழந்த இருளர்களைக் கொண்டு 1978-இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அவர்கள் எடுக்கும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் பல மூலைக்கும் விஷமுறிவு மருந்து போகிறது. 1986-இல் தண்டரையில் இருளர் மகளிர் நலச் சங்கம் தொடங்கி மூலிகைத் தோட்டம் போட்டார்கள், தைலமும் சூரணமும் செய்தார்கள். 2023-இல் இந்த மாவட்டத்து இருளர்கள் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பறிவுக்குக் கிடைத்த மதிப்பில் பாதிகூட வேரறிவுக்குக் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். அந்த அறிவு பாட்டிமாரோடு போய்க்கொண்டிருக்கிறது. ஏரிக்கரையும் மேய்ச்சல் நிலமும் மனைகளாக மாறும்போது செடியும் போய்விடுகிறது.

இன்றைய நிலையில் என்னை நெகிழச் செய்வது ஒன்று உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், எழ முடியாத நோயாளியின் வீட்டுக்கே வலி தணிக்கும் பராமரிப்புக்கான செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள். அபினிச் செடியை நாமே பயிர் செய்தும், அதன் ஆல்கலாய்டான மார்ஃபின் 1985-இன் போதைப்பொருள் சட்டக் கெடுபிடியால் புற்றுநோயாளிக்கு எட்டாமலே இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "அம்மா, ராத்திரி தூங்கினீங்களா, வலி எந்த இடத்துல?" என்று கேட்டு அளவு பார்த்து மருந்து கொடுக்கும் அந்தச் செவிலியரைத்தான், மருந்துக்கும் நமக்கும் நடுவில் நிற்க வேண்டிய ஆள் என்று நான் மேலே சொன்னேன். அவர்கள் எண்ணிக்கை பெருக வேண்டும். ஊருக்கு ஒருவர் போதாது.

வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். வேலியில் காந்தள் பூத்திருந்தால் வெட்டாதீர்கள், கிழங்கைத் தோண்டவும் செய்யாதீர்கள். குழந்தைகளுக்கு அதைக் காட்டி, வாயில் வைத்தால் உயிர் போகும் என்று சொல்லிக் கொடுங்கள். மூட்டு வலிக்கு யாராவது அதை உள்ளுக்குத் தந்தால், அவர் பதிவு பெற்ற சித்த மருத்துவரா என்று கேளுங்கள். வலி மாத்திரை மூன்று நாளுக்கு மேல் தேவைப்பட்டால் கடைக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போங்கள். உங்கள் மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் மருந்தின் பெயரைக் கேளுங்கள். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், கீட்டோப்ரோஃபென் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், மெலாக்சிகாம் கேளுங்கள்.